கருவிக்கும் ஒரு பங்கு

வேலைக்கு வேண்டிய கருவியை யார் கொண்டுவருவது? முதலாளியா, தொழிலாளியா? பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் அதைப் பின்தொடர்ந்து போனால் கூலியின் கதையிலேயே போய் நிற்போம். எமது உழைப்பின் வரலாற்றில் இக்கேள்விக்கு இரண்டு பழைய பதில்கள் உண்டு. ஒன்று மலையகத்திலிருந்து வருவது, மற்றது கடற்கரையிலிருந்து.

இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளி வெறுங்கையோடு வந்தார். மலைக் குளிருக்கும் மழைக்கும் போர்த்திக்கொள்ளத் தோட்டம் அவருக்கு ஒரு கம்பளி கொடுத்தது. கொடுத்தது என்று சொல்வது சரியல்ல. அதன் விலை அவர் கணக்கில் பற்றாக எழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. வழிச்செலவுக்கென்று கங்காணி தந்த முற்பணமும் அதோடு சேர்ந்தது. கம்பளி இல்லாமல் அந்த மழையில் கொழுந்து பறிக்க முடியாது. ஆகவே அது வெறும் உடுப்பல்ல. அதுவும் ஒரு வேலைக் கருவிதான். தொழிலாளி வேறு தோட்டம் போக விரும்பினால் அவர் பட்ட கடன் ஒரு 'துண்டில்' எழுதப்படும். புதிய தோட்டம் அதைக் கட்டினால்தான் பழைய தோட்டம் அவரை விடும். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. முதலாளி தந்த பொருளும் முற்பணமும் ஆளையே கட்டிவைக்கும் கயிறாக மாறியிருந்தன.

இது எமது தீவில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் காலுறை பின்னியவர்கள் முதலாளியின் தறிக்கு வாரவாரம் வாடகை கொடுத்தார்கள். வேலை குறைந்த வாரத்திலும் வாடகை குறையவில்லை. சம்பளத்தில் அதைக் கழிப்பதைப் பிரித்தானியப் பாராளுமன்றம் தடைசெய்தது 1874இல்தான்.

கடற்கரையில் கணக்கு வேறு. மீன் விற்ற காசில் செலவைக் கழித்து மிச்சத்தைப் பங்கு போடுவார்கள். தொழிலுக்குப் போன ஆளுக்குப் பங்கு உண்டு. வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு. வள்ளமும் வலையும் யாருடையவோ அவருக்கு அந்தப் பங்கு போகும். எத்தனை பங்கு என்பது ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் வேறுபடும். இது நீதியான ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. கரைவலை இழுத்தவர்களில் பலர் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கடனாளிகளாகவே இருந்தார்கள். ஆனால் ஒரு விடயத்தில் கடற்கரைக் கணக்கு வெளிப்படையானது. கருவி தேயும்; தேய்மானத்துக்கு விலை உண்டு; அதை வருமானத்திலிருந்தே எடுக்கவேண்டும். இதை அங்கே எவரும் மறைக்கவில்லை.

எமக்கும் நோர்வேக்கும் இடையிலான பழைய உறவும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1956இல் நோர்வேக்கு வந்த அன்ரனி இராஜேந்திரம் மீன்பிடித் தொழிலின் நவீன முறைகளை இங்கு அறிந்துகொண்டார். 1967இல் நோர்வே நண்பர்களின் துணையோடு காரைநகரில் சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினார். காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. படகும் வலையும் உழைப்பவன் கைக்கு வந்தால் அவற்றுக்குரிய பங்கும் அவனிடமே நிற்கும். அந்த முயற்சியின் பெறுமதியை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

பிறகு வரலாறு திசை மாறியது. எண்பதுகளில் அகதிகளாகவும் மாணவர்களாகவும் வந்த எம்மவரில் பலர் நோர்வேயின் வடமுனையில், பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் நின்றார்கள். மீன் அதே மீன்தான். ஆனால் பங்கு போய்ச் சம்பளம் வந்தது. காலப்போக்கில் பல குடும்பங்கள் தெற்கே இறங்கின. எண்பதுகளில் காட்டோரமாக எழுந்த இந்தப் பியோர்ண்டாலிலும் சில குடியேறின. துப்புரவு வேலை, சமையலறை வேலை, முதியோர் பராமரிப்பு என்று வாழ்க்கை நகர்ந்தது.

இந்த நாட்டின் சட்டம் மலையகக் கம்பளிக்கு நேர் எதிரானது. 1977ஆம் ஆண்டின் வேலைச்சூழல் சட்டமும் அதன் இடத்தில் 2006இல் நடைமுறைக்கு வந்த சட்டமும், உயிருக்கும் உடல்நலத்துக்கும் வேண்டிய பாதுகாப்புச் சாதனங்களை முதலாளியின் பொறுப்பாக்கின. சட்டம் வகுத்த காரணமோ, முன்கூட்டியே எழுதிய உடன்பாடோ இல்லாமல் சம்பளத்தில் கைவைக்க முடியாது. ஆனால் கையுறையும் சப்பாத்தும் போல எல்லாக் கருவிகளும் கண்ணில் படுவதில்லை.

2019 ஆகஸ்டில் ஒஸ்லோவில் ஃபூடோரா நிறுவனத்தின் உணவு விநியோகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உடுப்பின் நிறம் நிறுவனத்தினது. மிதிக்கும் சைக்கிளும் கையில் இருக்கும் தொலைபேசியும் தொழிலாளியினது. சங்கிலி தேய்ந்தாலும் சில்லு உடைந்தாலும் செலவு அவருடையதே. பனிக்காலத்தில் தேய்மானம் இன்னும் கூடும். பெல்லஸ்போர்புண்டே தொழிற்சங்கத்தின் கீழ் ஐந்து வாரங்களுக்கு மேல் நின்று, செப்டம்பர் இறுதியில் கூட்டு ஒப்பந்தம் ஒன்றை வென்றார்கள். சம்பள உயர்வோடு, சொந்தக் கருவிகளைப் பாவிப்பதற்கான ஈடும் குளிர்காலப் படியும் அதில் இடம்பெற்றன.

இந்தச் செய்தியைக் கடற்கரையில் வளர்ந்த ஒரு முதியவரிடம் சொன்னால் அவர் வியக்கமாட்டார். 'வள்ளத்துக்குப் பங்கு கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே' என்பார். சைக்கிள் அவர்களுடைய வள்ளம். தன் வள்ளத்தைக் கொண்டுவந்தவன் ஆள்பங்கோடு மட்டும் வீடு திரும்புவதில்லை என்பது அவர் அறிந்த கணக்கு.

எம்மவர் பலர் இன்று செய்வது இதற்கு நேர்மாறானது. காலையில் ஒரு கட்டடம், மாலையில் இன்னொரு கட்டடம் என்று துப்புரவு செய்பவர் தன் காரில் ஓடுகிறார். வேலை நேரமும் மாற்றமும் அவரது சொந்தத் தொலைபேசிக்கு வருகின்றன. எண்ணெய்க் காசும் தொலைபேசிக் கட்டணமும் வீட்டுச் செலவில் கலந்து மறைகின்றன. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும், இதற்கெல்லாமா கேட்பது என்ற கூச்சமும் வாயைக் கட்டிவிடுகின்றன. மலையகத்தில் கடன் துண்டில் எழுதப்பட்டது. இங்கே எங்கள் செலவு எதிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவை எவரும் திருப்பித் தரப்போவதுமில்லை.

ஆகவே முதல் வேலை எழுதுவதுதான். ஒரு மாதத்துக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடினோம், எதற்கு எவ்வளவு கட்டினோம் என்று ஒரு கொப்பியில் குறித்துவைப்போம். அதை எடுத்துக்கொண்டு தொழிற்சங்கத்துக்குப் போவோம். நாங்கள் கேட்கப்போவது சலுகையல்ல. ஊரில் வள்ளத்துக்கு என்று ஒதுக்கிய அதே பங்கைத்தான்.

— பியோர்ண்டால், ஒஸ்லோ