வீட்டில் காரின் உட்புறப் பாகங்களுக்கு வண்ணம் பூசுதல்: கரைப்பான் ஆவியால் ஏற்படும் நலக்கேடுகள்

காரின் டேஷ்போர்டு, கதவின் உட்பலகை, கியர் பகுதியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம், தோல் இருக்கை ஆகியவை நிறம் மங்கியபின், அவற்றைக் கழற்றி வீட்டிலேயே வண்ணம் பூசிக்கொள்வோர் உண்டு. வேலை சிறியது, செலவும் குறைவு. ஆனால் அதற்குப் பயன்படும் தின்னர், பிரைமர், பெயிண்ட், ஹார்டனர் ஆகியவற்றிலிருந்து எழும் ஆவி உடல்நலத்தைப் பாதிக்கக்கூடியது. ஏற்கெனவே ஆஸ்துமா, இதயநோய், நரம்புத் தளர்ச்சி போன்றவை உள்ளவர்களும் அவர்களைப் பராமரிப்பவர்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

வேலூர், இராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் வசிப்போர் கூடுதல் கவனம் கொள்ளவேண்டியதற்குக் காரணம் உண்டு. காலணித் தொழிற்சாலையில் பசை பூசுபவர், தோலுக்கு மெருகேற்றும் ஸ்பிரே பிரிவில் பணிபுரிபவர், வீட்டிலேயே காலணியின் மேற்பாகம் தைத்து ஒட்டித் தருபவர் ஆகியோர் ஏற்கெனவே இதே வகைக் கரைப்பான்களைச் சுவாசித்து வருகின்றனர். மாலையில் வீட்டு முற்றத்தில் கார்ப் பாகத்திற்கு வண்ணம் அடித்தால், பகலில் உடலில் சேர்ந்த அளவுடன் இதுவும் சேர்கிறது. உடல் இரண்டையும் ஒன்றாகவே கணக்கிடும்.

ஆவி எவ்வாறு பரவுகிறது?

தின்னரில் பெரும்பாலும் டொலுயீன், சைலீன், அசிட்டோன், பியூட்டைல் அசிட்டேட் போன்றவை கலந்திருக்கும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது; ஆகவே அது தரையை ஒட்டித் தங்கும். தவழும் குழந்தையும், பாயில் படுத்திருக்கும் முதியவரும், நின்று வேலை செய்பவரைவிட அதிகமாகச் சுவாசிக்க நேரிடலாம். வேலூர்ப் பகுதியின் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களில் கரைப்பான் மிக விரைவாக ஆவியாகிறது. அடுத்த அறையில் எரியும் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ அந்த ஆவியில் தீப்பற்றச் செய்யப் போதுமானது.

சிறிது நேரத்தில் நெடி தெரியாமல் போய்விடும். ஆவி குறைந்துவிட்டது என்பது அதன் பொருளன்று. மூக்கு பழகிவிட்டது என்பதே பொருள்.

உடனடி அறிகுறிகள்

கண் எரிச்சல், தலைவலி, தலைசுற்றல், குமட்டல், மது அருந்தியதுபோன்ற தள்ளாட்டம் ஆகியவை முதலில் தோன்றும். திறந்த வெளிக்கு வந்தவுடன் இவை பெரும்பாலும் தணியும். தணியாவிட்டாலோ, மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி இருந்தாலோ 108 ஆம்புலன்சை அழைக்கவும்.

ஹார்டனர் கலந்த பெயிண்டும் ஆஸ்துமாவும்

இரண்டு டப்பாக்களில் விற்கப்பட்டு, பூசும் முன் கலக்கப்படும் பெயிண்ட், கிளியர் கோட் வகைகளின் ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட்டு உள்ளது. வண்ணம் பூசும் தொழிலாளர்களுக்கு வரும் ஆஸ்துமாவுக்கு இது நன்கு அறியப்பட்ட காரணம். தீங்கு விளைவிக்கும் அளவிலும் இதன் நெடி தெரியாமல் இருக்கலாம். வேலை செய்யும்போது ஒன்றும் நேராமல், பல மணி நேரம் கழித்து, இரவில் இருமலும் நெஞ்சு இறுக்கமும் வருவதுண்டு. அதனால் நோயாளி இதனைப் பெயிண்டுடன் தொடர்புபடுத்தாமல், சளி பிடித்ததாக எண்ணிவிடுகிறார். ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால், பின்னர் மிகச் சிறிய அளவும் கடுமையான மூச்சுத்திணறலைத் தூண்டும். ஆகையால் ஹார்டனர் கலந்த வகைகளை வீட்டில் ஸ்பிரே செய்யவே கூடாது. முறையான காற்றோட்ட வசதியுள்ள பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வதே தகுந்தது. துணி முகக்கவசமோ, என்95 முகக்கவசமோ ஆவியைத் தடுக்காது. அவை துகள்களுக்கானவை.

தண்ணீர் கலந்து பயன்படுத்தும் பெயிண்ட் என்பதால் தீங்கில்லை என்று கருதுவதும் பிழை. ஸ்பெயினின் அல்காய் பகுதியில் துணிகளுக்கு வண்ணம் தெளிக்கும் தொழிற்கூடங்களில் பணிபுரிந்தோருக்கு 1992ஆம் ஆண்டு கடுமையான நுரையீரல் நோய் ஏற்பட்டு, ஆறு பேர் இறந்தனர். களிம்பு நிலையில் பயன்படுத்துவதற்கென இருந்த வண்ணக் கலவையை ஸ்பிரே வடிவில் தெளித்ததே அங்கு நிகழ்ந்த மாற்றம். தூரிகையால் பூசுவதற்கென விற்கப்படும் பெயிண்டை நீர்த்துப்போகச் செய்து ஸ்பிரே கன்னில் ஊற்றுவது இதே தவறாகும்.

கை கால் மரத்துப்போதல்

ரப்பர் பசை, சில தின்னர் வகைகள் ஆகியவற்றில் எக்சேன் என்னும் கரைப்பான் இருக்கலாம். இது உடலில் சிதைந்து உருவாகும் பொருள் நரம்புகளைத் தாக்குகிறது. முதலில் கால்விரல்களில் மரத்தன்மை தோன்றும். செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாது. பின்னர் கைகளுக்கும் பரவி, படியேறவும் பொத்தான் போடவும் இயலாத பலவீனம் ஏற்படும். 1960களில் ஜப்பானில், செருப்புகளைப் பசையிட்டு ஒட்டும் தொழிலை நெருக்கமான அறைகளில் செய்துவந்தவர்களிடம் இந்நோய் பெருமளவில் கண்டறியப்பட்டது. அவர்களுள் பலர் வீட்டிலிருந்தே வேலை செய்தவர்கள்.

கரைப்பானை விட்டு விலகிய பின்னரும் சில மாதங்கள் வரை பலவீனம் கூடிக்கொண்டே செல்லலாம். சிகிச்சை பலனளிக்கவில்லை என்று பராமரிப்பவர்கள் மனம் தளர்வது இக்கட்டத்தில்தான். பெரும்பாலானோர் பின்னர் மெல்லத் தேறுகின்றனர். நீரிழிவு நோயாளிகளுக்குக் கால் மரத்துப்போதல் ஏற்கெனவே இருக்கக்கூடும் என்பதால், சர்க்கரையால் வந்தது என்று தாங்களாகவே முடிவு செய்துகொள்ள வேண்டாம். நரம்பு மின்கடத்தல் பரிசோதனை தேவையா என மருத்துவரைக் கேட்கவும்.

கையில் ஒட்டிய பெயிண்டைப் பெட்ரோலால் கழுவும் பழக்கத்தை அறவே விடவேண்டும். பெட்ரோலில் பென்சீன் உள்ளது. பென்சீன் கலந்த பசையைப் பயன்படுத்திய இஸ்தான்புல் காலணித் தொழிலாளர்களிடம் இரத்தப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1970களில் துருக்கி மருத்துவர்கள் பதிவு செய்தனர். சோப்பும் தண்ணீரும், தேவையெனில் சிறிது சமையல் எண்ணெயும் போதும்.

இதயநோய் உள்ளவர்களுக்கு

பழைய பெயிண்டை உரித்தெடுக்கும் திரவங்கள் சிலவற்றில் டைகுளோரோமீத்தேன் உள்ளது. இது உடலுக்குள் சென்றபின் கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. இதயத் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியைத் தூண்டக்கூடும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி இந்நிலையில் இயல்பான எண்ணையே காட்டலாம். அதனை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வேலையைச் செய்தே ஆகவேண்டுமெனில்

பாகங்களைக் கழற்றி, காற்றோட்டமுள்ள திறந்த வெளியில் வைத்து, தூரிகையால் பூசவும். காருக்குள் அமர்ந்தோ, மூடிய அறையிலோ, சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்திலோ பூசக் கூடாது. உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது. தோல் இருக்கையைத் தேய்க்கும்போது இது முக்கியம்: பதனிட்ட தோலில் குரோமியம் இருக்கக்கூடும், டேனரியில் பணிபுரிந்து ஏற்கெனவே குரோமிய ஒவ்வாமையால் கைகளில் புண் உள்ளவர்கள் அவ்வேலையைப் பிறரிடம் விடவும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் அருகில் இருத்தலாகாது. பூசிய பாகங்களைப் பொருத்தியபின், நெடி முற்றிலும் நீங்கும்வரை கதவுகளைத் திறந்துவைக்கவும். வெயிலில் மூடி நிறுத்திய காரில் ஆவி மீண்டும் சேரும். அதில் குழந்தையை ஏற்றக் கூடாது.

தின்னரைத் தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஒருபோதும் ஊற்றிவைக்க வேண்டாம்.

குழந்தை தின்னரைக் குடித்துவிட்டால்

வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்புநீர், பால், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள். வாந்தியின்போது கரைப்பான் நுரையீரலுக்குள் புகுவதே வயிற்றில் இருப்பதைவிட ஆபத்தானது. குழந்தை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். இருமலும் மூச்சிரைப்பும் சில மணி நேரம் கழித்துத் தோன்றலாம். புது தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தைக் கட்டணமின்றி 1800 116 117 என்னும் எண்ணில் அழைக்கலாம். கண்ணில் தெறித்தால், குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் தூய நீரால் கழுவியபின் மருத்துவரிடம் செல்லவும்.

மருத்துவரிடம் கூறவேண்டியவை

டப்பாவையோ, அதன் லேபிளின் புகைப்படத்தையோ உடன் எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாட்கள், எவ்வளவு நேரம், மூடிய இடத்திலா திறந்த வெளியிலா என்பதைக் குறிப்பிடுங்கள். தொழிற்சாலையில் செய்யும் வேலையையும், வீட்டில் குடும்பத்தார் செய்யும் பசை வேலையையும் தனித்தனியே சொல்லுங்கள்; வேலை பறிபோகும் என்னும் அச்சத்தால் பலர் இதனை மறைக்கின்றனர். பென்சீன், குரோமியம் ஆகியவற்றால் வரும் நோய்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழில்சார் நோய்களாக ஏற்கப்பட்டவை என்பதால், காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு அந்த மருத்துவக் குறிப்பு பின்னாளில் உரிமைச் சான்றாகவும் அமையும்.

அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டலாம். நுரையீரல் செயல்திறன், நரம்புப் பரிசோதனைகள் தேவைப்படின், அங்கிருந்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ, அடுக்கம்பாறையில் உள்ள அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பரிந்துரைக் கடிதம் பெற்றுச் செல்லவும். பொதுவான ஆலோசனைக்கு 104 எண்ணை அழைக்கவும்.