முக்குறுணி: படியும் கிலோவும்

முக்குறுணி என்பது மூன்று குறுணி கொண்ட முகத்தல் அளவு. மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலிலுள்ள முக்குறுணி விநாயகர் இவ்வளவால் பெயர் பெற்றவர். விநாயகர் சதுர்த்தியன்று மூன்று குறுணி அரிசியை மாவாக்கி, ஒரே பெரிய கொழுக்கட்டையாகச் செய்து படைப்பது வழக்கம்.

இந்த அரிசி எத்தனை கிலோ என்பதற்கு ஒரே விடை இல்லை. பழைய வாய்பாட்டின்படி 2 ஆழாக்கு ஓர் உழக்கு; 2 உழக்கு ஓர் உரி; 2 உரி ஒரு படி; 8 படி ஒரு குறுணி. இக்கணக்கில் முக்குறுணி 24 படியாகும். கோயில் வழக்கிலோ குறுணிக்கு 6 படி; ஆகவே 18 படி. படியின் கொள்ளளவும் ஊருக்கு ஊர் வேறுபட்டது. குவித்து அளந்தால் கூடும். தலைதட்டி அளந்தால் குறையும். கூலியும் குத்தகையும் நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில் இவ்வேறுபாடு உழவர்களின் உணவையே பாதித்தது.

இந்திய அரசு 1956-இல் எடை, அளவைகள் சட்டம் இயற்றியது. 1958 முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. ஆயினும் படி மக்கள் பேச்சிலிருந்து மறையவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றே வாக்குறுதி அளித்தது.

ஒரே படி எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை காட்டாது. ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அதே அளவு அரிசி ஏறத்தாழ 800 கிராம். தளர்வாக நிரப்பிய அரிசி மாவு அதனினும் குறைவு. எனவே பழைய சமையல் குறிப்புகளைக் கிலோவுக்கு மாற்றும்போது எந்த ஊர்ப் படி, எந்தப் பொருள், எவ்வாறு அளந்தது என்னும் மூன்றையும் அறிதல் வேண்டும்.