வால்வின் தலையும் தண்டும்

வால்வு வேலையிலேயே தலை நரைத்தவன் நான். இன்ஜினின் எக்ஸாஸ்ட் வால்வில் தலைப்பகுதி 700 டிகிரிச் சூட்டில் வேகும். கனரக இன்ஜின்களில் அதற்கு நிமோனிக் 80ஏ போன்ற நிக்கல் உலோகக்கலவை வேண்டும். தண்டுக்கு அந்த விலை கட்டாது. கடினப்படுத்திய எஃகே போதும்.

இரண்டையும் சேர்ப்பது உராய்வு வெல்டிங். ஒரு துண்டைச் சுழலவிட்டு, மற்றதை அதன்மேல் அழுத்துவோம். சில நொடிகளில் முனைகள் செக்கச்செவேலென்று இளகும், உருகாது. சுழற்சியை நிறுத்தி இன்னும் பலமாக அழுத்தினால், ஆக்சைடெல்லாம் பிசிறாக வெளியே பிதுங்கும். பிசிறைக் கடைந்தெடுத்து ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்புவோம்.

1956-ல் சோவியத் லேத் தொழிலாளி சுடிகோவ் காட்டிய வழி இந்த உராய்வு வெல்டிங். 1959-ல் ரானே குழுமம் சென்னையில் வால்வுத் தொழிலைத் தொடங்கியது. திருச்சி பெல் (BHEL) வளாகத்தில் 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஏரியும் வயலும்தான். 1998-ல் அந்தப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ கார் வெளிவந்தது. 2012-ல் அருகிலுள்ள ஒரகடத்தில் டைம்லர் லாரி ஆலை திறந்தது.

உதிரிபாகத் தொழில் தெரிந்த கைகள் சென்னையைச் சுற்றி முன்பே இருந்தன. பெரிய ஆலைகள் இங்கே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.