வீட்டுத் தையலுக்குத் துணி: செங்கல்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும்

துணிப் பக்குவம் என்பது, வாங்கி வந்த துணியை வெட்டுவதற்கு முன் நனைத்து, உலர்த்தி, நூல் நேராக்கி எடுக்கும் வேலை. முதலில் துணி தேர்வு, பிறகு பக்குவம் என்பதுதான் தையல் கற்றுக்கொடுப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வரிசை. செங்கல்பட்டு மாவட்டத்திலும் அதன் கடற்கரை ஊர்களிலும் இந்த வரிசையைத் திருப்பிப் போடுவதே பொருத்தம். துணி நனைந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகுதான் எந்தத் துணி, எத்தனை மீட்டர் என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். இங்கே வீட்டுத் தையல் வெறும் பொழுதுபோக்கும் அல்ல. தமிழ்நாடு அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் போன்றவற்றால் மெஷின் வந்த வீடுகளில் அக்கம்பக்கத்து ரவிக்கைகளும் பாவாடைகளும் தைக்கப்படுகின்றன. முதல் சலவையில் ரவிக்கை சுருங்கி இறுகிப்போனால் அந்த நஷ்டம் தைத்தவர் தலையில்தான் விழும்.

துணி ஏன் சுருங்குகிறது என்பதற்குத் தறியில்தான் காரணம் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டித்தான் நெய்கிறார்கள். அறுந்துபோகாமல் இருக்க அதற்குக் கஞ்சியும் போடுகிறார்கள். ஆலையில் சாயமேற்றி மடித்து முடிக்கும்வரை அந்த இழுவை நீளவாக்கில் தொடர்கிறது. தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைகிறது, பருத்தி இழை உப்புகிறது, இழுபட்டிருந்த பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடையைச் சுற்றி வளைந்து உட்காருகிறது. அதனால்தான் துணி நீளத்தில் அதிகமாகவும் பன்னாவில், அதாவது அகலத்தில், குறைவாகவும் சுருங்கும். ஆலைப் பாப்லினில் 3 முதல் 5 சதவீதம் வரை குறைவது சாதாரணம். காடாத் துணியிலும் சில கைத்தறித் துணிகளிலும் இன்னும் கூடும். 15 இஞ்ச் நீள ரவிக்கையில் 5 சதவீதம் என்றால் முக்கால் இஞ்ச். இடுப்பில் சேலைக்கும் ரவிக்கைக்கும் நடுவே இந்த முக்கால் இஞ்ச் நன்றாகவே தெரியும். சந்தேகமிருந்தால் 20 செ.மீ. சதுரத் துண்டு ஒன்றை வெட்டி நனைத்துக் காயவைத்து அளந்து பார்க்கலாம். 19 செ.மீ. வந்தால் 2 மீட்டர் தேவைப்படும் இடத்தில் 2.10 வாங்கக் கூடாது, 2.20 வாங்க வேண்டும், ஏனென்றால் வெட்டு கோணலானால் அதைச் சரிசெய்யவும் கொஞ்சம் துணி போகும்.

செங்கல்பட்டுக்காரருக்குக் கடைக்குப் பஞ்சமில்லை. மின்சார ரயிலில் வடக்கே போனால் மாம்பலமும் ரங்கநாதன் தெருவும். அரக்கோணம் பாதையில் ஏறினால் காஞ்சிபுரம். ஆனால் எந்தக் கடையிலும் விலைக்கு முன் கேட்க வேண்டியது பன்னா எவ்வளவு என்பதைத்தான். 36 இஞ்ச் பன்னாவில் ஒரு மீட்டரும் 58 இஞ்ச் பன்னாவில் ஒரு மீட்டரும் ஒரே அளவு துணி அல்ல. மீட்டர் விலை மலிவாகத் தெரிந்த சின்னப் பன்னா, கணக்குப் போட்டால் பல சமயம் மலிவாக இருக்காது. அடுத்துக் கவனிக்க வேண்டியது வெட்டும் விதம். பாப்லினுக்கும் லைனிங்குக்கும் கடைக்காரர் கத்தரியால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரு கையாலும் சர்ரென்று கிழிப்பார். முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இதுதான் நேர்மையான அளவு, ஏனென்றால் கிழிசல் ஒரே ஊடை நூலைப் பிடித்துக்கொண்டு நேராகப் போகும். கத்தரியால் வெட்டிய துணி நூலை விட்டு விலகி, ஒரு ஓரம் நீண்டும் மறு ஓரம் குறைந்தும் வரக்கூடும். அப்படி வந்துவிட்டால் ஓரத்தில் ஒரு நூலை உருவி, அது விட்ட கோட்டில் வெட்டினால் போதும். அச்சிட்ட கட்டம், கோடு போன்றவற்றில் அச்சே நூலுக்குக் கோணலாக விழுந்திருந்தால் அதற்கு மருந்தில்லை. கடையிலேயே விரித்துப் பார்த்து விட்டுவிட வேண்டும்.

என்ன இழை என்ற கேள்விக்கு இந்தக் கடற்கரைக் காற்றே பாதி பதில் சொல்கிறது. சோதனைக்கூடத்தின் நிலையான ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8.5 சதவீதம் ஈரத்தை ஏற்கிறது, பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். வியர்வை காயாத ஊரில் உடம்போடு ஒட்டும் உடுப்புக்குப் பருத்தி ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையில் பருத்தி மூன்று நாளானாலும் காயாது, பாலியஸ்டர் இரவிலேயே காய்ந்துவிடும் என்பார்கள். அது உண்மைதான், பை, திரை, பள்ளிச் சீருடை ஆகியவற்றுக்குக் கலப்புத் துணியே புத்திசாலித்தனம். நைட்டிக்கு வாங்கும் ரேயான்தான் ஏமாற்றும். எரித்துப் பார்த்தால் பருத்தியைப் போலவே காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பலும் அப்படியே. ஒரு நூலை நனைத்து இழுத்தால்தான் குட்டு வெளிப்படும்: பருத்தி நூல் ஈரத்தில் பலம் கூடும், ரேயான் நூல் பாதி பலத்தை இழந்து சட்டென்று அறும்.

நனைப்பதன் அவசியம் மிகத் தெளிவாகத் தெரிவது லைனிங்கில். மேல்துணி பட்டாகவோ பாலியஸ்டராகவோ இருந்து, உள்ளே நனைக்காத பருத்தி லைனிங் வைத்துத் தைத்தால், துவைத்த பிறகு லைனிங் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேல்துணி தொய்ந்து நிற்கும். எந்த இஸ்திரியும் அதை மீட்காது. “லைனிங்கை நனைச்சுக் குடுங்க” என்று தையல்காரர்கள் சொல்லி அனுப்புவது இதனால்தான். நனைத்த துணியை முறுக்கிப் பிழியக் கூடாது. மாமல்லபுரத்தின் அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தில், ஆறு இறங்கும் இடத்தின் கீழே, குளித்து வந்த ஒருவர் ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டிருக்கிறார். பல்லவச் சிற்பி செதுக்கிய அந்த முறுக்கு, தைக்காத ஆடைக்குச் சரி. வெட்டப்போகும் துணிக்கு அது பாவையும் ஊடையையும் கோணலாக்கும். தண்ணீர் தானாக வடியவிட்டு, நிழலில் கொடியில் நேராக விரித்து, சற்று ஈரம் இருக்கும்போதே நீளவாக்கில் இஸ்திரி போடுவது நல்லது.

சாயம் வேறு கதை. கல்லுப்பு கரைத்த நீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று கேளம்பாக்கம் உப்பளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களும் நம்புகிறார்கள், அதைப் பார்த்தே இராதவர்களும் நம்புகிறார்கள். சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு: சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஏற்கெனவே சாயமேறிய துணியில் ஒட்டாமல் தங்கிய சாயத்தை அது பூட்டுவதில்லை. அந்தத் தண்ணீரில் கரையாமல் சற்று அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணியில் தேய்த்துப் பார்ப்பதே நம்பகமான சோதனை. சாயம் போவதே பெயராகிப்போன துணியும் நம்மூரிலிருந்துதான் போனது. 1958இல் துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டத் துணியைக் குளிர்ந்த நீரில் பக்குவமாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றும், சாயம் கலைந்ததும் எழுந்த புகாரையே விளம்பரமாக்கி விற்றார்கள் என்றும் சொல்வார்கள். விளம்பரக்காரர் சமாளிக்கலாம், பாவாடை தைத்தவர் சமாளிக்க முடியாது.

நெய்த துணி உடனே பயன்பாட்டுக்குப் போவதில்லை என்பது இந்தக் கடற்கரைக்குப் பழைய பாடம். டச்சுக்காரர்கள் சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை வைத்து ஏற்றுமதி செய்த சரக்குகளில் துணி முக்கியமானது. சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனி துணி வெளுப்பவர்களைக் குடியேற்றிய இடத்துக்கு வண்ணாரப்பேட்டை என்றே பெயர். 1734இல் உருவான சிந்தாதிரிப்பேட்டையிலும் நெசவாளர்களோடு வெளுப்பவர்களும் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் துவைத்தது வெளுப்புக்காக, சுருக்கத்துக்காக அல்ல என்று மறுக்கலாம். நோக்கம் எதுவாயினும், கஞ்சி போய், நூல் தளர்ந்து, சுருங்க வேண்டியது சுருங்கிய துணியே தையற்காரர் கைக்குப் போனது. இன்று நடுவில் இருந்த அந்த வெளுப்பவர் இல்லை, வேலை மட்டும் வாங்குபவர் வீட்டு வாளிக்கு வந்திருக்கிறது.

ஆலையே சுருக்கித் தருகிறதே, பிறகு எதற்கு என்பது வலுவான ஆட்சேபம். சான்ஃபோர்ட் க்ளூயெட்டின் பெயரால் வழங்கும் சான்ஃபரைஸ் முறையில் துணியை இயந்திரத்தில் முன்கூட்டியே நெருக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்த துணியில் மிச்சச் சுருக்கம் மிகக் குறைவு. அந்த முத்திரை உள்ள சட்டைத் துணிக்கு நனைப்பு அவ்வளவு அவசியமில்லை. ஆனால் கட் பீஸாகவும் பிட்டாகவும் வாங்கும் துணியில் முத்திரை பதித்த ஓரம் பெரும்பாலும் நம் கைக்கு வருவதில்லை. ஜரிகைப் பட்டுக்கு நனைப்பே கூடாது. அங்கே லைனிங்கை மட்டும் நனைத்து, பட்டின் மேல் ஒரு துணி போட்டு மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் போதும். நனைத்தால் புதுத்துணியின் விறைப்பு போய்விடும் என்ற குறையும் உண்டு. அந்த விறைப்பு பெரும்பாலும் கஞ்சியே. மழைக்காலத்தில் பெட்டியில் அப்படியே மடித்து வைத்தால் பூஞ்சையும் புத்தகப்பூச்சியும் முதலில் தேடி வருவது அந்தக் கஞ்சிக்குத்தான். வெட்டும்போது துணி வழுக்காமல் நிற்க விறைப்பு வேண்டுமென்றால், நனைத்துக் காய்ந்த பிறகு நீர்க்கக் கரைத்த கஞ்சியை வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். தைத்து முடித்த பின் முதல் சலவையில் அது போய்விடும்.