யோசனை பம்பாயில், வியாபாரம் பெங்களூரில்

மாஹிமில் எங்கள் கட்டடத்திலிருந்து மட்டும் மூன்று பிள்ளைகள் பெங்களூருக்கு வி.எல்.எஸ்.ஐ. வேலைக்குப் போயிருக்கிறார்கள். மாதுங்கா, செம்பூரில் விசாரித்தால் இன்னும் பத்துப் பேராவது தேறுவார்கள். சிப் வேலை ஏன் பம்பாயில் தங்கவில்லை? நான் படித்தது பி.காம். சிப்புக்குள் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று தெரியாது. பணம் எந்தப் பக்கம் ஓடியது என்று கொஞ்சம் சொல்ல முடியும்.

யோசனை என்னவோ பம்பாய்க்காரருடையதுதான். 1962 சீனப் போருக்கு அப்புறம், 1963-ல் ஹோமி பாபா தலைமையில் எலெக்ட்ரானிக்ஸுக்கு ஒரு குழு போட்டார்கள். 1966-ல் அறிக்கை வந்தது. அதே வருஷம் ஜனவரியில் பாபா விமான விபத்தில் இறந்துபோனார். செம்பூர்க்காரர்களுக்கு ட்ராம்பே பக்கத்து வீடு மாதிரி. அங்கே வளர்ந்த திறமையை வைத்து 1967-ல் தொடங்கிய ஈ.சி.ஐ.எல். போய் உட்கார்ந்தது ஹைதராபாத்தில். 1973-ல் அந்தேரியில் சீப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பெயரிலேயே எலெக்ட்ரானிக்ஸ் உண்டு. ஆனால் பின்னாளில் அங்கே கொடிகட்டிப் பறந்ததில் பாதி நகை வியாபாரம்!

பெங்களூரில் அஸ்திவாரம் முன்னாடியே விழுந்துவிட்டது. இந்திய அறிவியல் கழகம் 1909-லிருந்து இருக்கிறது. 1954-ல் ராணுவத்துக்காக ஜாலஹள்ளியில் வந்த பி.ஈ.எல்., 1960-களிலேயே ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்தது. வேலை தெரிந்த ஆட்கள் ஒரே ஊரில் சேர்ந்தார்கள்.

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அங்கே டிசைன் சென்டர் திறந்தது. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். அதற்கு முந்தின வருஷம்தான் கம்ப்யூட்டர் இறக்குமதி வரியை அரசு குறைத்திருந்தது. டிசைன் வேலைக்குக் கம்ப்யூட்டரும் மூளையும் போதும். செய்து முடித்த வேலை சேட்டிலைட் வழியாக வெளிநாடு போய்விடும். துறைமுகம் வேண்டாம், கஸ்டம்ஸ் வரிசை வேண்டாம், பில் ஆஃப் லேடிங் வேண்டாம். பம்பாய்க்கு இருந்த பெரிய சௌகரியமே துறைமுகம்தானே! இந்தச் சரக்குக்கு அது தேவைப்படவில்லை. அங்கே வேலை கற்ற ஸ்ரீனி ராஜமும் சகாக்களும் 2001-ல் இட்டியம் கம்பெனியை ஆரம்பித்தார்கள். ஒரு கம்பெனி பல கம்பெனிகளுக்கு நாற்றங்கால் ஆனது.

தொழிற்சாலை கதை வேறு. மொஹாலியில் அரசின் எஸ்.சி.எல். 1984-ல் சிப் செய்ய ஆரம்பித்தது. 1989 பிப்ரவரியில் தீ விபத்து, ஆலை எரிந்துபோனது. மறுபடி எழுந்து நிற்பதற்குள் உலகம் பல தலைமுறை தாண்டிவிட்டது. இடையில் 1987-ல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பல வருஷம் இருந்த மாரிஸ் சாங், தைவானில் டி.எஸ்.எம்.சி.யைத் தொடங்கினார். அதற்கு அந்த நாட்டு அரசே முதல் போட்டது.

கடன் கொடுக்கிறவன் கண்ணால் பாருங்கள். கட்டடத்தை அடமானம் வாங்கலாம், நிலத்தை வாங்கலாம். சிப் ஆலையில் பெரும் பணம் மிஷினில் கிடக்கிறது, அதுவோ சில வருஷத்தில் பழசாகிவிடும். கடன் முடிவதற்குள் அடமானம் கரைந்துபோனால் எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவார்? அதனால்தான் டிசைன் பெங்களூரில் பெருகியது, சிப் மட்டும் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்கியது.

2024 பிப்ரவரியில் தோலேராவில் டாட்டாவும் தைவானின் பி.எஸ்.எம்.சி.யும் சேர்ந்து ஆலை கட்ட மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. மதிப்பீடு 91,000 கோடி ரூபாய். மத்திய அரசின் திட்டப்படி செலவில் பாதி வரை மானியம். அந்தப் பாதியோடு இந்த ஆலைக்கு அனுமதி கிடைக்க, பாபா அறிக்கையிலிருந்து 58 வருஷம் ஆகியிருக்கிறது.