பல்நுழைவு (பரிசுப் போட்டிகள்)

பல்நுழைவு என்பது ஒரே பரிசுப் போட்டியிலோ குலுக்கலிலோ ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட நுழைவுகளைக் கட்டணம் செலுத்திப் பெறுவதாகும். பரிசுச்சீட்டில் ஒரு நுழைவு என்பது ஒரு சீட்டு. நாள்முறைக் கற்பனை விளையாட்டில் அது ஒருவர் தெரிவு செய்து அமைக்கும் ஓர் அணி. எத்தனை நுழைவுகள் பெறுவது என்பது நிகழ்தகவுக் கோட்பாட்டில் ஆராயப்படும் ஒரு முடிவெடுப்புச் சிக்கல் ஆகும். நுழைவுகள் கூடும்போது பரிசு பெறும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒவ்வொரு நுழைவும் சராசரியாக நட்டம் தருவதாயின், மொத்த நட்டமும் அதே அளவில் கூடுகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதே இச்சிக்கலின் மையம் ஆகும்.

அடிப்படைக் கணக்கு

ஒரு நுழைவின் எதிர்பார்ப்பு மதிப்பு என்பது ஒவ்வொரு பரிசுத் தொகையையும் அதனைப் பெறும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டி வரும் தொகை ஆகும். அதே போட்டியில் மிகப் பலமுறை பங்கு பெற்றால் ஒரு நுழைவுக்குச் சராசரியாகத் திரும்பக் கிடைக்கும் பணம் இது எனக் கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக, 100 நுழைவுகள் கொண்ட ஒரு போட்டியில் கட்டணம் 50 ரூபாய் எனவும், திரளும் 5,000 ரூபாயில் 4,000 ரூபாய் பரிசாகப் பகிரப்படுகிறது எனவும் கொள்வோம். எஞ்சிய 1,000 ரூபாய் நடத்துபவரின் பங்கு. எல்லா நுழைவுகளும் சம வலிமை உடையனவாயின் ஒவ்வொன்றின் எதிர்பார்ப்பு மதிப்பும் 40 ரூபாய்.

* 1 நுழைவு: செலவு 50, சராசரி வரவு 40, சராசரி நட்டம் 10 ரூபாய்.
* 20 நுழைவுகள்: செலவு 1,000, சராசரி வரவு 800, சராசரி நட்டம் 200 ரூபாய்.
* 100 நுழைவுகள்: செலவு 5,000, வரவு 4,000, நட்டம் 1,000 ரூபாய்.

கடைசி நிலையில் முதற்பரிசு கிடைப்பது உறுதி. நட்டமும் உறுதி. எண்ணிக்கையை உயர்த்துவதால் மட்டும் பாதகமான போட்டி சாதகமாக மாறாது என்பதை இவ்வெல்லை நிலை தெளிவாகக் காட்டுகிறது.

பரிசுச்சீட்டில் பல்நுழைவு

பின்னணி

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்திற்குப் பெயர் பெற்ற நகரம். இங்கிருந்து மேற்கே செல்லும் மலைச்சாலை, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை ஆகிய ஏலத்தோட்டப் பகுதிகளை அடைகிறது. போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் இம்மலையேறித் தோட்ட வேலைக்குச் சென்று திரும்புகின்றனர்.

இப்பயணத்தில் அவர்கள் கடப்பது இருவேறு பரிசுச்சீட்டுச் சட்டங்களின் எல்லையையும்தான். தமிழ்நாட்டு அரசு 1968இல் பரிசுச்சீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது; 2003 ஜனவரியில் மாநிலத்தில் எல்லா வகைப் பரிசுச்சீட்டு விற்பனையும் தடை செய்யப்பட்டது. கேரளத்தில் 1967இல் பரிசுச்சீட்டுத் துறை ஏற்படுத்தப்பட்டு, முதற் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடைபெற்றது. அங்கு இது இன்றும் அரசால் நடத்தப்படுகிறது. குமுளி, வாளையாறு போன்ற எல்லை ஊர்களில் சீட்டு வாங்குவோரில் தமிழ்நாட்டினர் பலர். 2023ஆம் ஆண்டின் திருவோணம் பம்பர் முதற்பரிசு, வாளையாற்றில் சீட்டு வாங்கிய திருப்பூர்ப் பகுதி நண்பர்கள் நால்வருக்குக் கிடைத்தது.

சீட்டுகளின் எண்ணிக்கை

2023 திருவோணம் பம்பர் சீட்டு ஒன்றின் விலை 500 ரூபாய். இது மலைத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒரு நாள் கூலியை ஒட்டிய தொகை. முதற்பரிசு 25 கோடி ரூபாய். மொத்தப் பரிசுத் தொகை ஏறத்தாழ 125 கோடி ரூபாய். விற்பனையான சீட்டுகள் ஏறத்தாழ 75 லட்சம். இதன்படி ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு சுமார் 167 ரூபாய், அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு.

பத்துச் சீட்டுகள் வாங்குபவரின் முதற்பரிசு வாய்ப்பு 75 லட்சத்தில் ஒன்று என்பதிலிருந்து ஏழரை லட்சத்தில் ஒன்றாக உயர்கிறது. 'பத்து மடங்கு வாய்ப்பு' என்று கூறுவது பிழையன்று. எனினும் முதற்பரிசு கிடைக்காமல் போகும் நிகழ்தகவு அப்போதும் 99.9998 விழுக்காட்டுக்கு மேல். செலவு 5,000 ரூபாயாகவும், சராசரி நட்டம் ஏறத்தாழ 3,330 ரூபாயாகவும் ஆகின்றன.

பிடித்தங்களையும் சேர்த்தால் மதிப்பு மேலும் குறையும். 25 கோடியில் முகவர் தரகு 10 விழுக்காடு போக 22.5 கோடி, அதில் 30 விழுக்காடு வருமான வரி பிடித்தது போக 15.75 கோடி எஞ்சும். பெருந்தொகைக்குரிய கூடுதல் வரி தனி.

ஒத்த எண் தொகுதி

கேரள வாராந்தரச் சீட்டுகள் 12 வரிசைகளில் அச்சிடப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையிலும் ஆறிலக்க எண்கள் உள்ளன. சிறு பரிசுகள் பலவும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. ஆகவே கடைசி நான்கு இலக்கங்கள் ஒத்திருக்கும் சீட்டுகளைச் சேர்த்து வாங்கும் வழக்கம் உண்டு. இது பேச்சு வழக்கில் 'செட்' எனப்படுகிறது.

கடைசி நான்கு இலக்கங்கள் ஒன்றாக உள்ள 12 சீட்டுகளை வாங்கினால், சிறு பரிசு விழும் வாய்ப்பு ஒரு சீட்டுக்கு உரியதே. விழுந்தால் பன்னிரண்டு மடங்காகக் கிடைக்கும். பன்னிரண்டு வெவ்வேறு எண்களை வாங்கினால், வாய்ப்பு ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு. விழுந்தால் பெரும்பாலும் ஒரு பரிசே கிடைக்கும். இரு முறைகளிலும் எதிர்பார்ப்பு மதிப்பு ஒன்றே. ஏற்ற இறக்கம் மட்டுமே வேறுபடுகிறது. தொகுதியாக வாங்குவதால் ஆதாயம் கூடும் என்னும் நம்பிக்கைக்குக் கணித அடிப்படை இல்லை.

எல்லா எண்களையும் வாங்குதல்

பரிசுத் தொகை முந்தைய குலுக்கல்களிலிருந்து சேர்ந்து வளரும் சீட்டுகளில் விதிவிலக்கான சூழல் ஏற்படக்கூடும். ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சீட்டில் 1992இல் 44 எண்களிலிருந்து ஆறைத் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இதற்கு 70,59,052 சேர்க்கைகள் இருந்தன. சீட்டின் விலை ஒரு டாலராக இருந்தது. 1992 பிப்ரவரியில் முதற்பரிசு சுமார் 2.7 கோடி டாலராக வளர்ந்தபோது, ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் மண்டேல் திரட்டிய முதலீட்டுக் குழு ஏறத்தாழ 50 லட்சம் சேர்க்கைகளை வாங்கி வென்றது. இங்கு ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் முதலிலேயே விலையைவிட மிகுந்திருந்தது. எண்ணிக்கை அந்த ஆதாயத்தைப் பெருக்கியது. பரிசு முன்கூட்டியே வரையறுக்கப்படும் கேரளச் சீட்டுகளில் இத்தகைய வளர்ச்சி இல்லை.

கற்பனை விளையாட்டில் பல்நுழைவு

கற்பனை விளையாட்டில் பங்கேற்பவர், மெய்யான ஆட்டத்தில் ஆடும் வீரர்களைக் கொண்டு ஓர் அணியை அமைக்கிறார். வீரர்களின் ஆட்டத்திற்கேற்பப் புள்ளிகள் கிடைக்கின்றன. நாள்முறைப் போட்டிகள் ஒரு நாளிலோ ஓர் ஆட்டத்திலோ முடிவடைகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் ஃபேன்டூயல் 2009இலும் டிராஃப்ட்கிங்ஸ் 2012இலும் தொடங்கின. டிராஃப்ட்கிங்சின் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் 50,000 டாலர் கற்பனைச் சம்பள வரம்புக்குள் ஒன்பது இடங்களை நிரப்ப வேண்டும். இந்தியாவில் 2008இல் தொடங்கப்பட்ட டிரீம்11, துடுப்பாட்டத்தை முதன்மையாகவும் கால்பந்து, கபடி ஆகியவற்றை உடனும் கொண்டிருந்தது. அதன் பெரிய போட்டிகளில் ஒருவர் 20 அணிகள் வரை சேர்க்கும் வசதி இருந்தது.

பரிசுச்சீட்டிலிருந்து இது இரு வகைகளில் வேறுபடுகிறது. முதலாவதாக, எல்லா அணிகளும் சம மதிப்புடையன அல்ல. திறமையால் ஓர் அணியின் மதிப்பை உயர்த்த முடியும். இரண்டாவதாக, ஒருவரின் பல அணிகளில் அதே வீரர்கள் இடம்பெறுவதால், அவ்வணிகளின் வெற்றி தோல்விகள் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

எத்தனை அணிகள்

மேற்கண்ட 50 ரூபாய்ப் போட்டியில் நட்டமின்றித் தப்பவே ஓர் அணி சராசரியைவிட 25 விழுக்காடு சிறந்ததாக இருக்க வேண்டும். ஒருவர் தம் மிகச் சிறந்த அணிக்கு 58 ரூபாய் மதிப்பும், இரண்டாவதற்கு 54, மூன்றாவதற்கு 51, நான்காவதற்கு 48 ரூபாயும் மதிப்பிடுகிறார் எனக் கொள்வோம். அவர் மூன்று அணிகளோடு நிறுத்த வேண்டும். நான்காவது அணி, முதல் மூன்றின் ஆதாயத்தைச் செலவழிப்பதாகவே அமையும். மேலும் ஒருவரின் அணிகள் ஒன்றோடொன்றும் போட்டியிடுவதால், புதிய அணி பெறும் பரிசில் ஒரு பகுதி அவருடைய பழைய அணி இழந்த பரிசாகவே இருக்கும்.

போட்டியின் வகையும் எண்ணிக்கையை மாற்றுகிறது.

* பாதிப்பேர் வெல்லும் போட்டி: 50 ரூபாய்க்கு 90 ரூபாய் கிடைக்குமாயின், ஆதாயம் பெற 55.6 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வெற்றி வாய்ப்பு தேவை. இங்கு மிகச் சிறந்த ஓர் அணியே போதுமானது.
* மேலிடங்களுக்குப் பெரும்பரிசு தரும் போட்டி: ஆயிரக்கணக்கானோரில் முதலிடம் பெற அரிதான சேர்க்கை தேவைப்படுவதால், ஒன்றுக்கொன்று நன்கு வேறுபட்ட பல அணிகள் பொருத்தமானவை.

பதினொரு வீரர்களையும் மாற்றாமல் அணித்தலைவரையும் துணைத்தலைவரையும் மட்டும் மாற்றினாலே 110 அணிகள் கிடைக்கும். டிரீம்11 முறையில் தலைவருக்கு இரு மடங்கும் துணைத்தலைவருக்கு ஒன்றரை மடங்கும் புள்ளிகள் வழங்கப்பட்டதால் இவ்வழி பரவலாகக் கையாளப்பட்டது. ஆனால் அப்பதினொருவரில் பலர் சோபிக்காத நாளில் 20 அணிகளும் சேர்ந்தே வீழும். அவை கணக்கில் இருபது, தன்மையில் ஏறத்தாழ ஒன்று.

டேவிட் ஹன்டர், உவான் பாப்லோ வியெல்மா, தௌஹீத் ஜமான் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், முழுவெண் நிரலாக்கத்தைக் கொண்டு அணிகளை ஒவ்வொன்றாக அமைக்கும் முறையை விளக்கினர். ஒவ்வொரு புதிய அணியும் முந்தைய அணிகளோடு பகிரும் வீரர்களின் எண்ணிக்கைக்கு அவர்கள் வரம்பு விதித்தனர். பனி ஹாக்கிப் போட்டிகளில் ஆயிரக்கணக்கான நுழைவுகளுக்கிடையே அவ்வணிகள் பலமுறை முதல் பத்து இடங்களுக்குள் வந்தன.

பணக்கையிருப்பு

ஒரு வாய்ப்பில் கையிருப்பின் எவ்வளவு பங்கை இடலாம் என்பதற்கு, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் கெல்லி 1956இல் ஒரு விதியைத் தந்தார். வெற்றி வாய்ப்பு p எனவும், இடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் கிடைக்கும் நிகர ஆதாயம் b எனவும் கொண்டால், இட வேண்டிய பங்கு p − (1 − p)/b ஆகும். எதிர்பார்ப்பு மதிப்பு கட்டணத்தைவிடக் குறைவாயின் விடை எதிர்மம் ஆகிறது. அதாவது இட வேண்டிய தொகை சுழியம். பரிசுச்சீட்டைப் பொறுத்தவரை, பண அடிப்படையிலான விடை இதுவே.

மகிழ்ச்சிக்காகவும் எதிர்பார்ப்பின் சுவைக்காகவும் சீட்டு வாங்குவது வேறு. அந்நிலையிலும் முதற் சீட்டே சுழியமாக இருந்த வாய்ப்பை 'உண்டு' என ஆக்குகிறது. அடுத்தடுத்த சீட்டுகள் மிகச் சிறிய எண்ணைச் சற்றுப் பெரிய எண்ணாக்குவதோடு நின்றுவிடுகின்றன.

வரம்புகளும் சட்டமும்

மென்பொருளின் துணையுடன் நூற்றுக்கணக்கான அணிகளை இடுவோர், ஓரிரு அணிகளை இடுவோரின் பணத்தை வெல்கின்றனர் என்பது கற்பனை விளையாட்டின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு ஆகும். 2015ஆம் ஆண்டு அமெரிக்க அடிப்பந்தாட்டப் பருவத்தின் முதற்பாதியை ஆராய்ந்த மெக்கின்சி நிறுவனத்தினர், ஆட்டக்காரர்களின் ஆதாயத்தில் 91 விழுக்காடு 1.3 விழுக்காட்டினருக்கே சென்றதாகக் கண்டனர். மாசச்சூசெட்ஸ் மாநிலம் 2016இல் வகுத்த விதிகள், ஒரு போட்டியில் ஒருவர் இடும் நுழைவுகளுக்கு 150 என்னும் உச்சவரம்பை விதித்தன.

இந்தியாவில் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் 2017இல் டிரீம்11 திறன் விளையாட்டே எனத் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபர் 1 முதல் பங்கேற்பாளர் செலுத்தும் முழுத் தொகைக்கும் 28 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், திறன் விளையாட்டு, வாய்ப்பு விளையாட்டு என்னும் வேறுபாடின்றிப் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடை செய்தது. இதையடுத்து டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது.

தமிழ்நாட்டில் கேரளக் குலுக்கல் முடிவுகளின் கடைசி இலக்கங்களை வைத்து மறைவாக நடத்தப்படும் 'மூன்று எண் லாட்டரி' சட்டத்திற்குப் புறம்பானது. குறைந்த விலையில் நாளொன்றுக்குப் பல எண்களை வாங்கத் தூண்டுவது அதன் இயல்பு. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தினர் ஐவர் உயிரிழந்ததற்கு இவ்வகைச் சீட்டால் ஏற்பட்ட கடனே காரணம் எனக் கூறப்பட்டது. கடனை அடைக்கும் நோக்கில் நுழைவுகளைக் கூட்டும்போது சராசரி நட்டமும் கூடுவதால், கடன் குறைவதற்கு மாறாக வளர்வதற்கான வாய்ப்பே மிகுதி.

இவற்றையும் பார்க்க

* நிகழ்தகவு
* எதிர்பார்ப்பு மதிப்பு
* கேரள மாநிலப் பரிசுச்சீட்டுகள்
* போடிமெட்டு