முத்துக்குளித்த கடலும் மூச்சுக் கணக்கும்

ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் ஸ்கூபா டைவிங் போகலாம்னு இருக்கீங்களா? இந்த த்ரெட்டை முழுசா படிச்சிட்டுப் போங்க.

மன்னார் வளைகுடாவில் மனுஷன் மூழ்குவது புதுசு இல்லை. ஏறத்தாழ 2000 வருஷத்துக்கு முந்தைய 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, தண்டனை பெற்ற கைதிகளை வைத்து இங்கே முத்துக்குளித்ததைச் சொல்கிறது. கைதிகளை இறக்கினாங்கன்னா வேலை எப்படிப்பட்டதுன்னு பாத்துக்கோங்க.

13-ம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ, சீசன் ஏப்ரலில் தொடங்கி மே நடுவோடு முடிகிறது என்கிறார். வெள்ளைக்காரன் காலத்திலும் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல்தான். வடகிழக்குப் பருவக்காற்று அடங்கி, தென்மேற்கு பிடிக்கிறதுக்குள்ள கிடைக்கும் இடைவெளி அது. கடல் அமைதியா, தண்ணி தெளிவா இருக்கும். தென்மேற்கு பிடிச்சா அலை எழும்பும், அடிமணல் கலங்கும், பக்கத்துல இருக்கிற சிப்பியே கண்ணுக்குத் தெரியாது.

காலை ஒரு கல்லில் வைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு 10 முதல் 20 மீட்டர் வரை இறங்குவாங்க. ஒரு நிமிஷம் போல அள்ளிட்டு, படகில் இருப்பவருக்குக் கயிற்றை இழுத்து சைகை காட்டுவாங்க. சுறாவை மந்திரத்தால் கட்ட 'கடல்கட்டி' என்று ஒருத்தர் இருப்பார். இலங்கையில் ஆங்கிலேய அரசே அவருக்குக் கூலி கொடுத்திருக்கு! (என்னைக் கேட்டா, சுறாவைவிட பயப்பட வேண்டியது கரையில் இருந்தது. பல்லாயிரம் பேர் கூடிய தற்காலிக ஊர், அழுகும் சிப்பிக் குவியல், கூடவே காலரா.)

இப்போ உடம்புக்குள்ள வருவோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. மேலே இழுத்த மூச்சு அங்கே பாதியாகச் சுருங்கும். திரும்பி வரும்போது பழைய அளவுக்கு விரியும், அதுக்கு மேல விரியாது. அதனால மூச்சை அடக்கிய அந்த ஆளுக்கு நுரையீரல் வெடிக்காது.

1943-ல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் அக்வாலங்கை உருவாக்கினாங்க. பல நூற்றாண்டு விதி அங்கே தலைகீழாச்சு. சிலிண்டர், ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கிட்டே மேலே வந்தீங்கன்னா அந்தக் காற்று இரண்டு மடங்காகணும். நுரையீரல் கிழியும். குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனா பக்கவாதம்.

சீசன் மாறும்போது பிரச்சனை இங்கேதான். தண்ணி கலங்கி, கூட வந்தவரைக் காணோம்னா பதறுவோம். பதறினா மூச்சை அடக்குவோம், விறுவிறுன்னு மேலே ஏறுவோம். முத்துக்குளித்தவரைக் காப்பாத்தின அதே பழக்கம் ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும்.

நைட்ரஜன் கணக்கு வேற. அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், வேகமா ஏறினா சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழாகும். ஆடுகளை அழுத்த அறையில் வைத்து சோதித்து, நிறுத்தி நிறுத்தி ஏறும் அட்டவணையை 1908-ல் வெளியிட்டவர் ஹால்டேன். இன்னிக்கு உங்க கையில் கட்டுற டைவ் கம்ப்யூட்டரின் மூதாதை அதுதான்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். சீசன் கணக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு. போற தேதியைக் கடலைப் பார்த்து முடிவு பண்ணுங்க, லீவைப் பார்த்து இல்ல. சளி, மூக்கடைப்பு இருந்தா இறங்காதீங்க, காது தாங்காது. பல தடவை மூழ்கினா, கடைசி டைவுக்கு அப்புறம் குறைஞ்சது 18 மணி நேரம் கழிச்சுத்தான் விமானம் ஏறணும்.